சிவப்பு ஓடைக்கரை ஊரின் கூலிக் கணக்கு

கி.பி. 164 மே 20 அன்று, எழுத்தறியாத மெம்மியஸ் என்ற தொழிலாளி, தங்கச் சுரங்கத்தில் நவம்பர் வரை உழைக்க ஒப்பந்தம் செய்தார். கூலி 70 ரோமானிய தினாரியஸ் காசுகள், அதோடு சாப்பாடு. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து வேலை தடைப்பட்டால் கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதுகூட அந்த மெழுகுப் பலகையில் பதிவாகியிருக்கிறது. பலகை கிடைத்த இடம், ருமேனியாவின் அபுசேனி மலைகளில், ஆரியேஷ் ஆற்றுப் படுகையில் 16 சிற்றூர்கள் சேர்ந்த ரோஷியா மொன்டானா ஊராட்சி. அன்று ஒரு கூலிக்காரருக்குக் கிடைத்த அந்த அக்கறையில் பாதிகூட இன்று அவ்வூருக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்த அரசுச் சுரங்கம் 2006-இல் மூடப்பட்டது. கனடிய நிறுவனம் ஒன்று நான்கு குன்றுகளை வெட்டிச் சயனைடால் தங்கம் பிரிக்கவும், கோர்னா பள்ளத்தாக்கைக் கழிவுக் குளமாக்கவும் திட்டமிட்டது. 2013-இல் அதை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள். மறு ஆண்டு நாடாளுமன்றம் அத்திட்டத்துக்கான மசோதாவை நிராகரித்தது. 2021-இல் யுனெஸ்கோ அந்த நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நிறுவனம் கேட்ட இழப்பீட்டை 2024-இல் சர்வதேச நடுவர் மன்றமும் மறுத்தது. இவை அனைத்தும் சரியான முடிவுகள் என்பதே என் கருத்து. 2000 ஜனவரியில் பையா மாரேயில் தங்க ஆலையின் கழிவு அணை உடைந்து, சயனைடு நீர் திஸா ஆற்றின் வழியே டான்யூப் வரை பாய்ந்து மீன்களைக் கொன்றதைக் கண்ட நாடு அது.

வேலை கேட்டுச் சுரங்கத்தை ஆதரித்த உள்ளூர்க்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்று நகரவாசிகள் ஒதுக்குவது அநியாயம். ஊரைச் சுரங்கத்துக்கு மட்டுமே உரிய பகுதியாக வரையறுத்து, வேறு பிழைப்புக்கு இடமில்லாமல் செய்தது நிர்வாகம்தான். ஆனால் அந்தத் திட்டப்படி சுரங்கம் வந்திருந்தால் ஏறக்குறைய 16 ஆண்டுகளில் தங்கம் தீர்ந்திருக்கும், கழிவுக் குளமோ அங்கேயே கிடந்திருக்கும். சுற்றுலா எல்லோருக்கும் சோறு போடாது என்பார்கள், உண்மைதான். அதனால்தான் சுற்றுலாவை மட்டும் நம்பச் சொல்லாமல், பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் அமில நீரைச் சுத்திகரிக்கும் பணியையும், ரோமானியச் சுரங்கப் பாதைகளைக் காக்கும் பணியையும் அரசு தன் செலவில் அந்த ஊர்க்காரர்களுக்கே நிரந்தர வேலையாகத் தர வேண்டும். காசு எங்கே என்று கேட்பவர்கள், பல பத்தாண்டுகள் அந்த மலையிலிருந்து தங்கம் எடுத்தது இதே அரசுதான் என்பதை நினைக்கட்டும். ரோஷியா என்றால் சிவப்பு. ஓடை இன்றும் அந்த நிறத்தில்தான் அப்ருட் ஆற்றில் கலக்கிறது.