தரை துடைக்கும் மெஷின்: துடைத்த பிறகுதான் கவனம் தேவை!

பல ஆயிரம் கொடுத்து வாங்கிய மாப்பிங் மெஷின் சீக்கிரமே மக்கர் செய்கிறதா? உள்ளே தங்கும் அழுக்கும் ஈரமும்தான் பெரும்பாலும் காரணம்.

* துடைத்து முடித்ததும் அழுக்குத் தண்ணீர் டேங்க்கைக் காலி செய்து கழுவிவிடுங்கள். ஓர் இரவு அப்படியே விட்டாலே நாற்றம் பிடிக்கும்.

* ரோலரில் சுற்றிய தலைமுடியைக் கத்தரித்து எடுத்து, அலசி, காற்றாட உலர்த்துங்கள்.

* ஃபில்டர் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் உறிஞ்சும் வேகம் குறையும்.

* பிளீச்சிங் பவுடர் கரைசல் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். துணி சோப்பு நுரைத்து மோட்டார் பக்கம் போகலாம். இரண்டுமே வேண்டாம்.

* போர் தண்ணீரின் உப்பு படிந்து துளைகள் அடைபடும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம்.

* சார்ஜில் போடும் முன் அடிப்பகுதி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

தினமும் 5 நிமிடம் ஒதுக்கினால், சர்வீஸ் செலவு மிச்சம்!