போட்டியும் நட்பும்

1958-ல் நடைபெற்ற கேரளப் பள்ளி இளைஞர் விழாவில், போர்ட் கொச்சியைச் சேர்ந்த யேசுதாஸ் வாய்ப்பாட்டிலும், எர்ணாகுளத்தில் பிறந்த ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் முதற்பரிசு பெற்றனர். பரிசோடு விலகிப் போகவில்லை; அவ்விழா மேடையிலேயே ஒருவர் பாட, மற்றவர் மிருதங்கம் வாசித்தார். பின்னர் இருவரும் திரைப்படப் பின்னணிப் பாடகர்களாயினர். ஒரே துறையில் நின்றும் பகை வளரவில்லை.

அதே விழாவில் 1986-ல் கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் ஏற்பட்டன. குழந்தைகளின் போட்டி பெற்றோரின் சண்டையாக முற்றவே, அவை பிற்பாடு கைவிடப்பட்டன.

கோடை விடுமுறையில் மட்டாஞ்சேரித் தமிழ்ப் பிள்ளைகளும் பாட்டு, பேச்சுப் போட்டிகளில் மேடை ஏறுகின்றனர். வேலை தேடி வந்த ஊரில் அண்டை வீட்டாரின் நட்பே பெரிய பலமாகும். அதைக் கோப்பைக்காக இழக்கலாகாது. வீடு திரும்பும் பிள்ளையிடம், “பரிசு கிடைத்ததா?” என்பதோடு, “வென்றவனுக்குக் கைதட்டினாயா?” என்றும் பெற்றோர் கேட்பார்களாக!