குதிரைசக்தியைக் கூட்டி, கொதிக்க விடும் கூட்டத்துக்கு

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. டூ-ஸ்ட்ரோக் பிடிக்காதவங்களோட எனக்குச் சண்டை இல்ல. உசிருக்கு உசிரா பிடிக்கும்னு சொல்லிக்கிட்டே அதை அறுத்துச் சாவடிக்கறாங்களே, அவங்களோடதான்.

குவாட்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வரி. நாலு சக்கரம், ஹேண்டில்பார், பைக்ல உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரணும். அமெரிக்காவுல காட்டுப் பாதையிலயும் மணல் மேட்டுலயும் ஓட்டறது. இதுல டூ-ஸ்ட்ரோக் ராஜா யமஹா பான்ஷீ. 347 சிசி, ரெட்டை சிலிண்டர், தண்ணிக் குளிர்ச்சி. அதோட தம்பி பிளாஸ்டர், 195 சிசி, ஒத்தை சிலிண்டர், காத்துக் குளிர்ச்சி. நம்ம ஊர்ல 1983ல வந்த ராஜ்தூத் 350 ஞாபகம் இருக்கா? அதுக்கும் 64 மிமீ போர், 54 மிமீ ஸ்ட்ரோக். பான்ஷீக்கும் அதே அளவுதான். ஒரே வம்சம். அண்ணன் காத்தை நம்பினார், பான்ஷீ ரேடியேட்டரை நம்புது.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன். வண்டியை வாங்கின கையோட நம்ம ஆளுங்க செய்யற வேலை என்ன? எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல தூக்கி அறுக்கறது, பந்தய எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டறது, இக்னிஷன் டைமிங்கை 4 டிகிரி முன்னாடி தள்ளறது. கேட்டா, "கிளாமிஸ்ல எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க பாஸ்"னு பதில் வரும்.

கிளாமிஸ் எங்க இருக்கு? கலிபோர்னியா பாலைவனத்துல. அங்க மணல்ல முழு த்ராட்டில்ல பறக்கறான், ரேடியேட்டர் மேல காத்து அறையுது. ஒரு மேடு ஏறி முடிச்சதும் நிறுத்தி ஆற விடறான். நீங்க ஓட்டறது எங்க? மேற்கு வர்ஜீனியாவுல ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மாதிரி மலைக்காட்டுப் பாதையில. சேறு, வேரு, பாறை. பாதி நேரம் ரெண்டாவது கியர். ஆள் ஓடற வேகத்துல வண்டி நகருது. அங்க காத்து எங்கேர்ந்து வரும்?

கணக்கு இவ்வளவுதான். எக்ஸாஸ்ட் போர்ட்டை உசத்தினா அது சீக்கிரமே திறக்கும். பவர் எல்லாம் உச்ச ஆர்பிஎம்முக்கு ஓடிடும். கீழ இழுவை செத்துடும். பந்தய சேம்பரும் அப்படித்தான். திரும்பி வர்ற அழுத்த அலை, வெளிய ஓடப் பார்க்கற கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளறதெல்லாம் ஒரு குறுகின ஆர்பிஎம் எல்லைக்குள்ளதான் நல்லா நடக்கும். அந்த எல்லைக்குக் கீழ வண்டி மூச்சு முட்டும். அப்ப ட்ரெயில்ல என்ன பண்ணுவீங்க? கிளட்சைப் பாதி பிடிச்சு, இஞ்சினை அலற விட்டு ஏத்துவீங்க. சூடு ரெண்டு மடங்கு, காத்து கால்வாசி. காசு குடுத்து வாங்கின வினை இது.

சூடு ஏறினதும் கடைக்காரர் அடுத்த பில்லோட ரெடியா இருப்பார். அவர் விக்கற ஆறுதல்களை வரிசையா பார்ப்போம்.

1. "பெரிய ஹெட் போடுங்க, உள்ள தண்ணி அதிகம் பிடிக்கும்." தண்ணி அதிகமானா கொதிக்க நேரம் ஆகும், அவ்வளவுதான். அண்டா பெருசுன்னா வெந்நீர் ஆறிடுமா? சூட்டை வெளிய தள்றது ரேடியேட்டரும் அது மேல படற காத்தும் மட்டும்தான். அந்த ஹெட்டுல டோமை மாத்தி கம்ப்ரஷனைச் சரி பண்ணிக்கலாம்ங்கறது நிஜமான வசதி. அதுக்காக வாங்கினா சரி.

2. "தண்ணி ரொம்ப வேகமா ஓடினா ரேடியேட்டர்ல சூடு இறங்க நேரம் கிடைக்காது." இது சாகாவரம் வாங்கின பொய். சுத்திச் சுத்தி ஓடற தண்ணி அது. வேகமா ஓடினா ஒவ்வொரு சுத்துலயும் நிக்கற நேரம் குறையும், ஆனா சுத்து எண்ணிக்கை கூடும். மொத்தத்துல ரேடியேட்டர் முழுக்கச் சூடாவே இருக்கும், அதனால காத்துக்கு அதிகமாவே சூடு போகும்.

3. "கூலன்ட்டை அப்படியே கலக்காம ஊத்துங்க." கிளைக்காலைவிட வெறும் தண்ணிதான் அதிகச் சூட்டைச் சுமக்கும். கிளைக்கால் கொதிநிலையை ஏத்தவும், குளிர்ல உறையாம இருக்கவும், துரு பிடிக்காம இருக்கவும். பாதிக்குப் பாதி கலவை சாதாரண அழுத்தத்துல 107 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்கும். மூடியோட ரப்பர் நல்லா இருந்து அழுத்தம் நின்னா இன்னும் மேல போகும். சில டாலர் மூடியை மாத்தாம நூத்துக்கணக்குல செலவு பண்றவங்களை என்ன சொல்ல?

4. "ஆயிலைக் கூட ஊத்துங்க, குளிர்ச்சி." பான்ஷீக்கு பெட்ரோல்லயே ஆயில் கலக்கணும். ஆயில் பங்கைக் கூட்டினா அதே ஜெட் வழியா போற பெட்ரோல் குறையும். கலவை லீன் ஆகும், சூடு இன்னும் ஏறும். ஆயிலை மாத்தினா ஜெட்டையும் பாக்கணும்.

டூ-ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வெடிப்பு. பிஸ்டனுக்கு இளைப்பாற நேரமே கிடையாது. உள்ள வர்ற பெட்ரோல் கலவைதான் அதுக்கு முதல் குளிர்ச்சி, ரேடியேட்டர் அப்புறம். அதனால கூலிங் வேலை கார்புரேட்டர்லயே ஆரம்பிக்குது. ஜூலை வெயில்ல செட் பண்ணின ஜெட் டிசம்பர் குளிர்ல லீன் ஆயிடும், ஏன்னா குளிர்ந்த காத்து அடர்த்தி. கிராங்க் சீல்ல நூலளவு ஓட்டை இருந்தா அது வழியாவும் காத்து நுழையும். பத்து ஜெட் மாத்தினாலும் தீராது.

என் வரிசை இதுதான். முதல்ல போர்ட்டை எல்லாம் அடைச்சு 6 பி.எஸ்.ஐ காத்து அடிச்சு 6 நிமிஷம் நிக்குதான்னு பாருங்க. அடுத்து ஜெட், பிளக் நிறம். அப்புறம் ரேடியேட்டர் துடுப்புல அப்பின சேறு. பிளாஸ்டர்காரங்களுக்கு சிலிண்டர் துடுப்புல அப்பினது. அந்தத் துடுப்புகளுக்கு நடுவுல காய்ஞ்ச சேறு ஒரு போர்வை மாதிரி. மெதுவா ஓட்டறவங்க ரேடியேட்டருக்கு ஒரு ஃபேன் யோசிக்கலாம். பான்ஷீ கிக்-ஸ்டார்ட் வண்டி, பேட்டரி கிடையாதுங்கறதால மின்சாரத்துக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். இதெல்லாம் முடிஞ்சப்புறம், கீழ் ஆர்பிஎம்முல இழுக்கற சேம்பர், நல்ல ரீட், பம்ப் பெட்ரோலுக்குப் பொருந்தற கம்ப்ரஷன். போர்ட்டிங் கடைசி. அதுவும் ட்ரெயிலுக்குன்னு சொல்லி, எக்ஸாஸ்ட்டை உசத்தாம.

"சீஸ் ஆனா ரீபோர் பண்ணிக்கலாம், என்ன இப்போ?"னு கேக்கற வீரர்களுக்கு ரெண்டு பதில். ஒண்ணு, இந்த வண்டியோட பின் ஆக்சில் ஒரே தண்டு, டிஃபரென்ஷியல் கிடையாது. இஞ்சின் பிடிச்சா ரெண்டு பின் சக்கரமும் ஒண்ணா நிக்கும். அது பெரும்பாலும் எங்க நடக்கும்? ஏத்தத்துல வறுத்து எடுத்துட்டு, இறக்கத்துல த்ராட்டிலை மூடி கியர்ல இறங்கும்போது. த்ராட்டில் மூடினா பெட்ரோல் வராது, பெட்ரோல் வராட்டி ஆயிலும் வராது. சூடா, காய்ஞ்சு போய் சுத்துது பிஸ்டன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கிளட்ச்ல விரல் இல்லாட்டி கதை முடிஞ்சது. வண்டியை விடுங்க, உங்க கழுத்தைச் சொல்றேன்.

ரெண்டாவது, பான்ஷீயும் பிளாஸ்டரும் அமெரிக்காவுல 2006 மாடலோட நின்னு போச்சு. 2006, 2007ல அமலுக்கு வந்த மாசு விதிகளுக்கு அப்புறம் பெரிய கம்பெனிகள் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குப் போயிட்டாங்க. 64 மிமீ சிலிண்டரை 66 வரைக்கும் போர் அடிக்கலாம். அதுக்கு மேல ஸ்லீவ் மாத்தணும், இல்லாட்டி வேற சிலிண்டர் தேடணும். ஒவ்வொரு சீஸும் அந்த 2 மிமீல ஒரு துண்டைத் தின்னுது. இருக்கற வண்டி இருக்கறதுதான், புதுசா வரப் போறதில்ல.

மணல்ல ரேஸ் விடறவங்க போர்ட் பண்ணட்டும், அவங்க இடம் அது, கைதட்டறேன். காட்டுக்குள்ள மூணு மணி நேரம் சுத்திட்டு ஓட்டிக்கிட்டே வீடு வந்து சேரணும்னு நினைக்கறவங்க, ஃபைலைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி பிரஷை எடுத்து ரேடியேட்டரைத் தேய்ங்க. அறுத்த போர்ட்டை ஒட்ட வைக்க முடியாது சாமிகளா.

டிஸ்கி: "ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே"ன்னு பின்னூட்டம் போட வர்ற நண்பர்களுக்கு: தெரியும். இருந்தாலும் அந்தப் புகை வாசம் வராதே :-)