பச்சை ஓடிய கிழங்கை வேகவைத்தால் சரியாகிவிடுமா?

உதகை பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு. நல்ல கிழங்கெல்லாம் மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுகிறது. கொத்துப்பட்டது, பொடிசு, பச்சை ஓடியது எல்லாம் வீட்டுக்கு. வீட்டுச் சமையலும், மாலையில் அவர் போட்டு விற்கும் போண்டாவும் அதில்தான். மசாலா நீர்த்துப்போய் போண்டா எண்ணெயில் பிளந்துகொள்கிறது. புளிக்குழம்பில் போட்ட கிழங்கோ எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கிறது. பச்சைக் கிழங்கை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்கிறார் மாமியார். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. கொடுக்கலாமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அதற்கே முதல் பதில்: கொடுக்கக் கூடாது. வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சை நிறம் ஏறும்போது சோலனின் என்ற நச்சும் கூடுகிறது. பச்சை நிறம் கெடுதல் செய்யாது. கூடவே வரும் சோலனின்தான் செய்யும். கொதிக்கிற தண்ணீரின் சூட்டில் அது அழியாது. தண்ணீரைக் கொட்டினாலும் பெரும்பகுதி கிழங்கிலேயே தங்கிவிடும். வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி வரலாம். சின்ன உடம்புக்குக் கொஞ்சமே அதிகம். தோலில் ஒரு ஓரம் மட்டும் லேசாகப் பச்சை என்றால், அந்த இடத்தையும் முளைக்கண்ணையும் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டு மற்றதைப் பெரியவர்கள் சாப்பிடலாம். உள்ளேயும் பச்சை ஓடியிருந்தால், வெந்த பிறகு வாயில் கசந்தால், முழுதாகக் குப்பைக்குழிக்குத்தான். வீணாகிறதே என்று மாட்டுக்குப் போடுவதும் சரியல்ல. அதற்கும் அது நஞ்சுதான்.

இதன் வேர் வயலில் இருக்கிறது. மண் அணைப்பதில் சோம்பல் பட்டால் கிழங்கு வெளியே தலைகாட்டும், வெயில் பட்டுப் பச்சையாகும். தோண்டியதைத் திறந்த களத்தில் நாள்கணக்கில் போட்டுவைத்தாலும் அப்படியே. காற்றோட்டமான இருட்டு மூலையில், மேலே சாக்கு மூடி வைத்தால் மண்டிக்குப் போகும் மூட்டையும் கூடும்.

இனி போண்டா. கொத்துப்பட்ட கிழங்கைத் தண்ணீரில் முக்கி வேகவைத்தால் வெட்டின வாய் வழியே நீர் குடித்துவிடும். மசாலா நீர்த்துப்போக அதுவே போதும். கொத்துப்பட்டதைக் குழம்புக்கு ஒதுக்கி, போண்டாவுக்கு முழுக்கிழங்கை எடுக்க வேண்டும். குக்கரில் அடியில் தண்ணீர், மேலே தட்டு, அதில் தோலோடு கிழங்கு, ஆவியில் வேகட்டும். சூடாகவே உரித்து, இரண்டாகப் பிளந்து, ஆவி போகும்வரை ஆறவிட்டுக் கையால் மசிக்கலாம். மிக்ஸி வேண்டாம், பசையாகிவிடும்.

நன்றாக முற்றி, தழை காய்ந்த பிறகு தோண்டிய கிழங்கு மாவாக வேகும். இளசாகத் தோண்டியது வழவழப்பாக, வடிவம் கெடாமல் நிற்கும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு டம்ளர் உப்பை 11 டம்ளர் தண்ணீரில் கரைத்து, கிழங்கைப் போட்டுப் பார்க்கலாம். மூழ்கினால் மாவுக்கிழங்கு: போண்டா, கட்லெட், பூரி மசாலா. மிதந்தால் வறுவல், பொரியல், சாம்பார். சோதித்த உப்புத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டாம்.

குழம்புக் கிழங்கு வேகாததற்குப் புளியே காரணம். புளிப்பு பட்டால் கிழங்கின் சதை இறுகிக்கொள்ளும். தக்காளியும் அதே வேலையைச் செய்யும். கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகே கரைசலை ஊற்ற வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் வேகும் நேரம் அங்கே போதாது. ஆகவே மலையில் குக்கர் ஆடம்பரமல்ல, விறகு மிச்சம். புளிப்பின் இதே குணம் வறுவலில் உதவும்: உடைந்து குழைகிற கிழங்கை வேகவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் துண்டு துண்டாக நிற்கும். வேகவைத்து நன்றாக ஆறிய பின் வாணலியில் போட்டால் இன்னும் நல்லது.

பூரி மசாலாவுக்குப் பாதியை மசித்து, பாதியைக் கையால் உதிர்த்துப் போட்டால் கடலை மாவு குறைவாகவே பிடிக்கும்.

விதைக்கென்று வாங்கி, நட்டது போக மிஞ்சிய கிழங்கு மருந்தில் நனைத்ததாக இருந்தால் கழுவி வேகவைத்தாலும் உண்ணத் தகாது. சமையல் கிழங்கு இருக்கும் கூடைப் பக்கமே அது வரக் கூடாது. தனிச் சாக்கில் கட்டி, பிள்ளை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.