எட்டிக்கு இலத்தீன் உடையா?



அண்மையில் நம் கூட்டமொன்று முடிந்து அமர்ந்திருந்த வேளையில், அன்பர் ஒருவர் நெற்றியை ஒரு கையால் அழுத்தியவாறே மறுகையால் சட்டைப்பையிலிருந்து சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார். வெள்ளை உருண்டைகள் நான்கினை நாவின்மேல் இட்டுக்கொண்டார். என்ன நோய் என வினவினோம். "டென்சன் தலைவலி, ஐயா" என்றார். என்ன மருந்து என்றோம். "நக்சு வாமிகா இருநூறு. ஓமியோபதி. இஃது ஆங்கில மருந்தன்று, ஐயா, நம் வழிக்கு ஒத்தது" என்றார். சற்றுமுன்தான் பிறமொழிக் கலப்பைச் சாடி ஒருமணி நேரம் முழங்கிய நா அது! நோய்க்கு ஆங்கில அடைமொழி. மருந்துக்கு இலத்தீன் பெயர். மருத்துவ முறைக்குக் கிரேக்கப் பெயர். எஞ்சிய தமிழ், தலைவலியும் ஐயாவும்!

நக்சு வாமிகா என்பது யாது? நம் காடுகளில் வளரும் எட்டிமரத்தின் கொட்டை. கைப்புக்கும் நஞ்சுக்கும் எட்டியை எடுத்துக்காட்டாத தமிழ்ப்பாட்டி எவளேனும் உண்டா? நெஞ்சுக்குள் துயரைப் பூட்டி வைப்போர்க்கு வரும் தலைவலிக்கென அவர்கள் கொடுக்கும் நாட்ரம் மூரியாட்டிகம் எது? அடுக்களையில் இருக்கும் கறியுப்பு! செப்பியா என்பதோ கணவாயின் மை. கடற்கரைச் சிற்றூரில் வலைபிரிக்கும் சிறுவனும் அதனைப் பெயர்சொல்லிக் காட்டுவான். நம் மரமும் நம் உப்பும் நம் கணவாயும் இலத்தீன் உடை உடுத்து வந்தவுடன் நமக்கு வணக்கத்திற்குரியனவாகி விடுகின்றன. அடிமையுள்ளம் ஆங்கிலத்தோடு மட்டும் ஒட்டியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இம்முறையைக் கண்ட சாமுவேல் ஆனிமனோ இத்தகையரல்லர். 1755-இல் சாக்சனி நாட்டில் பிறந்த அவர், 1790-இல் கல்லன் என்பாரின் ஆங்கில மருந்துநூலைத் தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். சின்கோனாப் பட்டை காய்ச்சலைத் தீர்ப்பதற்கு அந்நூல் கூறிய கரணியம் அவர்க்கு ஒப்பவில்லை. பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். காய்ச்சற் குறிகள் தோன்றின என்றெழுதினார். ஒத்தது ஒத்ததைத் தீர்க்கும் என்னும் கொள்கை அங்கு முளைத்தது. 1810-இல் தம் தலைநூலை அவர் இலத்தீனில் எழுதவில்லை, செருமானியத்தில் எழுதினார். குருதியை வடித்தும் வயிற்றைக் கழுவியும் நோயாளியைக் கொன்ற அற்றை மருத்துவத்தை எதிர்த்த அவருடைய துணிவு பெரிது. அதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும் துணிவு வேறு, உண்மை வேறு. ஒருபங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ சாராயத்திலோ இட்டுக் குலுக்குவது ஒருபடி. அதில் ஒருபங்கை எடுத்து மீண்டும் அவ்வாறே செய்வது இரண்டாம் படி. 12 படி தாண்டியதும் மருந்தின் மூலக்கூறு ஒன்றேனும் எஞ்சியிருத்தல் அரிது. 30-ஆம் படியிலோ ஒன்றுக்குப்பின் 60 சுழிகள் இட்ட எண்ணிற்கு ஒரு பங்கு! நம் அன்பர் உண்டது 200-ஆம் படி. அதில் எட்டியும் இல்லை, எட்டியின் நிழலும் இல்லை. இருப்பது இனிப்பு. (தாய்ச்சாறும் தாழ்ந்த படிகளும் அங்ஙனமல்ல, அவற்றில் மருந்துப்பொருள் உண்டு. எட்டியின் தாய்ச்சாற்றை 'பக்கவிளைவில்லாதது' என்று பருகுவார் எவரேனும் இருப்பின், அவரைத் தடுத்தல் நம் கடமை.)

'கணக்கு எதற்கு? எனக்கு வலி தீர்கிறதே!' என்பர். தீர்கிறது, மறுக்கவில்லை. உளநெருக்கடியால் வரும் இறுக்கத் தலைவலி அரைமணி நேரத்திலிருந்து ஏழுநாள் வரை நின்று, பெரும்பாலும் தானே தணியும் இயல்பினது. வலி உச்சத்தில் இருக்கையில் எதனை உண்டாலும் அதன்பின் தணிவே வரும். செருமானியில் நாட்பட்ட தலைவலியுடையார் 98 பேரிடம் இம்முறையை ஆய்ந்து 1997-இல் வெளியிட்டனர். மருந்துருண்டை உண்டவர்க்கும் வெற்றுருண்டை உண்டவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆத்திரேலிய நாட்டு நலவாய்வு மன்றம் 2015-இல், எந்நோய்க்கும் இது பயன்படுமென நம்பத்தக்க சான்றில்லை என்றது. பிரான்சு அரசு 2021 முதல் இதற்குப் பொதுப்பணம் தருவதை நிறுத்திற்று. இந்திய நடுவணரசு 1973-இலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியதே என்பீராயின், சட்டத்தால் பட்டம் வழங்கலாம்; சான்று வழங்கவியலுமா?

ஆனால் அவ்வுருண்டையோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது. அதனை நாம் எள்ளற்க. நல்ல ஓமியோ மருத்துவர் நோயாளியை அமரவைத்து நெடுநேரம் கேட்கிறார். எப்பக்கம் வலிக்கிறது? காலையிலா, மாலையிலா? வெயிலிலா, அழுதபின்னா? யாரோடு பூசல்? எதனை நினைத்துத் தூக்கமின்றிக் கிடக்கிறாய்? அரசு மருத்துவமனை வரிசையில் எவரும் கேளாத கேள்விகள் இவை. பாதி வலி அங்கேயே இறங்கிவிடுகிறது.

இங்குதான் நம் வழக்கு எழுகின்றது. அக்கேள்விகட்கு விடை சொல்லத் தமிழனிடம் சொல் இருக்கிறதா? குத்தல், குடைச்சல், இடி, கடுப்பு, எரிவு, இறுக்கம், பிளப்பு, விண்விண்ணெனத் தெறித்தல், சுள்ளெனத் தாக்குதல் என வலியின் வகைக்கு வகை சொல் வைத்திருந்த மொழி இது. உள்ளத்துக்கோ கவலை, ஏக்கம், பதற்றம், அச்சம், சினம், உளைச்சல், சலிப்பு, மனக்குறை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலை. இவையனைத்தையும் 'டென்சன்' என்னும் ஒரு சொல் விழுங்கிவிட்டது! கடன் கொடுத்தவன் வாயிலில் நிற்கும் அச்சமும் டென்சன். மகள் மணம் தள்ளிப்போகும் ஏக்கமும் டென்சன். மேலாளன்மீதுள்ள வாய்திறவாச் சினமும் டென்சன். கரணியத்திற்குப் பெயரில்லாதபோது கரணியத்தை எங்ஙனம் களைவது? அச்சத்திற்கு வழி வேறு, சினத்திற்கு வழி வேறு அல்லவா? சொல்லை இழந்தவன் நோயின் வேரையும் இழக்கிறான். மருத்துவரோ அவன் கூறியதை மனத்துள் ஆங்கிலப்படுத்தி, அமெரிக்கராகிய கென்று 1897-இல் வெளியிட்ட குறித்தொகையில் தேடுகிறார். இடையில் எத்தனை சிதைவு!

இதனால் நாம் வலிமாத்திரைக்கு வழக்காடுகிறோம் எனக் கருதற்க. எளிய வலிமாத்திரையையே திங்களில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்குவார்க்கு, அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சித்தமருத்துவத்திற்கும் நாம் சலுகை கேட்கவில்லை. தமிழ்மருத்துவம் என்பதனாலேயே ஒரு சூரணம் சான்றின்றி ஏற்கப்பட வேண்டுவதில்லை. எட்டியை அளந்த அதே கோலால் அதனையும் அளக்கட்டும்.

அந்த அன்பரிடம் பின்னர்ப் பேசினோம். இரவு நான்கு மணிநேரமே உறங்குகிறார், பகலுணவைத் தள்ளுகிறார், அச்சுப்பணிக்கு வாங்கிய கடன் நெஞ்சை அரிக்கிறது. தலையைச் சுற்றி வார்கட்டி இறுக்கியதுபோல் இருபுறமும் வலி, நடந்தால் மிகுவதில்லை, குமட்டலில்லை. உறக்கம், உணவு, கடனைப் பற்றிய வெளிப்படையான பேச்சு, கழுத்துத் தசைக்குப் பயிற்சி என்றோம். தலையசைத்தார்.

ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தோம். இதுவரை காணாத கடுவலி இடிபோல் திடுமெனத் தாக்கினாலும், காய்ச்சலோடு பிடரி விறைத்தாலும், கைகால் தளர்ந்தாலும், நாக்குழறினாலும், பார்வை மங்கினாலும், அடிபட்டபின் வலி வளர்ந்தாலும், ஐம்பது அகவைக்குப்பின் புதிதாய்த் தலைவலி தோன்றினாலும், எந்தக் குப்பியையும் திறவாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்க என்று. தாளை மடித்து அக்குப்பியிருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.