பித்தளை வேண்டாம் மாப்ளே

அக்கா பையன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. போன ஞாயித்துக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பி, "மாமா, இதுல எது வாங்கலாம்? மரம் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்"னு கேட்டான். நாலும் பழைய காலத்து நீளத் துப்பாக்கி. குழல் வாய் வழியா மருந்து போட்டு, ஈயக்குண்டை இறக்கி, கம்பியால் இடிக்கிற வகை. முழுசா வராதாம். குழல், கட்டை, லாக், விசை எல்லாம் தனித்தனியா பெட்டியில் வரும். நாமே ராவி, இழைச்சு, பொருத்திக்கணும். கிட் என்கிறார்கள்.

அங்கே 1968-ல் வந்த மத்திய சட்டம் இந்த மாதிரி கருமருந்துப் பழைய மாடலைத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஆனா பல இடத்தில் புடவை வருகிற மாதிரி பார்சலில் வந்துடும். (இதைப் படிச்சுட்டு இங்கே யாரும் ஆர்டர் போட்டுடாதீங்க. லைசென்ஸ் இல்லாட்டி நேரா ஜெயில்தான்.)

பையன் மனசுக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டிருக்கான். புலி வரி மாதிரி ரேகை நெளியிற மேப்பிள் கட்டை, பக்கவாட்டில் பித்தளை மூடி போட்ட பெட்டி, கன்னம் வைக்கிற இடத்தில் வெள்ளி நட்சத்திரம். "சுவத்துல மாட்டினா சூப்பரா இருக்கும் மாமா." எனக்கு அங்கேதான் பத்திக்கிட்டு வந்தது.

இந்தத் துப்பாக்கி எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பாருங்க. 18-ம் நூற்றாண்டில் ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்துப் பக்கமிருந்து லான்காஸ்டர் மாவட்டத்தில் குடியேறின கொல்லர்கள், கையோடு கொண்டு போனது குட்டையான, வாய் அகலமான வேட்டைத் துப்பாக்கி. புது ஊரில் ஈயமும் மருந்தும் விலைக்கு வாங்கணும், தூரத்திலிருந்து சுமக்கணும். அதனால குழலை 42 அங்குலம், அதுக்கும் மேலேன்னு நீட்டி, துவாரத்தைச் சிறுசாக்கினாங்க. ஒரு பவுண்டு ஈயத்தில் .62 அளவுக் குண்டு சுமார் இருபதுதான் வார்க்கலாம். .45 அளவுன்னா ஐம்பதுக்கு மேல. அந்த நீளமும் ஒல்லியும் சிக்கனம் பார்த்த ஜனம் கண்டுபிடிச்சது. பித்தளை, வெள்ளி எல்லாம் கையில் காசு சேர்ந்தவன் பின்னால ஒட்டினது.

காசில்லாத விவசாயி வேற மாதிரி செஞ்சு வாங்கினான். அதுக்கு அங்கே பார்ன் கன்னுன்னே பேர். தொழுவத்துத் துப்பாக்கின்னு வெச்சுக்கங்களேன். பல துப்பாக்கிக்குக் கட்டையின் அடியில் தகடுகூட இருக்காது. செதுக்கல் கிடையாது, பித்தளைப் பெட்டி கிடையாது. தெற்கே மலைக்காட்டு ஜனம் கட்டையில் ஒரு குழி தோண்டி அதில் கொழுப்பை அப்பி வெச்சுக்கிட்டாங்க, குண்டைச் சுத்துற துணியில் தடவ. அவ்வளவுதான். பையன் அனுப்பின நாலில் ஒண்ணு இந்த மொட்டைத் துப்பாக்கி. அதைக் கடைசியா, வேண்டாவெறுப்பா அனுப்பியிருந்தான்.

அவனை மட்டும் சொல்லி என்ன? நீங்களும் அப்படித்தானே. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு வார்னிஷ் அடிச்சு ரிசார்ட் வாசலில் சாத்தி வைக்கிறீங்க. ஆட்டுக்கல்லில் தண்ணி ஊத்திப் பூ மிதக்க விடறீங்க. எங்க வீட்டுக்கு வந்தா, பித்தளை அண்டா இருக்கா, செட்டிநாட்டுத் தூண் இருக்கான்னு தேடறீங்க. அதெல்லாம் பண்ணையார் வீட்டுச் சாமான் சாமி. எங்க அப்புச்சி வீட்டில் இருந்தது கம்பியால் இழுத்துக் கட்டின ஒரு மருந்துத் துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டத்திலேயே பயிர்க் காவலுக்குன்னு பேர் சொல்லி எழுதியிருக்கிற வகை. கடலைக்காட்டில் பன்னி இறங்கினா வெறும் மருந்தை இடிச்சு ஒரு சத்தம் கொடுப்பார், ஓடிடும். தேர்தல் வந்தா ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். ஒரு தடவை திரும்பி வந்தப்ப கட்டை விரிசல் விட்டிருந்தது, அதுக்குத்தான் அந்தக் கம்பிக் கட்டு. அவர் போனதோட லைசென்ஸும் போச்சு. இன்னிக்கு நான் மக்காச்சோளத்துக்குக் காவலா ராத்திரி தகர டின்னைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதை யார் சுவத்தில் மாட்டப் போறாங்க?

சரி, பையனுக்குச் சொன்னதைச் சொல்றேன்.

முதலில் கட்டையைப் பாரு. கை பிடிக்கிற ஒடுக்கமான இடத்தில் ரேகை நீளவாக்கில் நேரா ஓடணும். குறுக்கே வெட்டிக்கிட்டுப் போனா, எவ்வளவு அழகா நெளிஞ்சாலும் அங்கேதான் ஒடியும். மம்முட்டிக் காம்புக்கும் இதே கணக்குத்தான், எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். மலிவுக் கிட் சிலதில் நீளக்கட்டையை ரெண்டு துண்டாப் போட்டு, நடுவில் பித்தளைத் தகடு வெச்சு மறைச்சிருப்பாங்க. அந்தக் காலத்துக் கொல்லன் அப்படிச் செய்யலை. பார்சல் பெட்டி சிறுசாகணும்னு செய்யறது. அது வேண்டாம்.

அடுத்து குழலும் லாக்கும். காசு போக வேண்டிய இடம் அது ரெண்டுதான். சக்கிமுக்கிக் கல் உரசற இரும்புக்குச் சரியான பதம் ஏறலைன்னா பொறி வராது. பொறி வரலைன்னா வெள்ளி நட்சத்திரம் வந்து சுடுமா? ரெண்டு வார லீவில் முடிச்சுடலாம்னு விளம்பரம் பண்றவனை நம்பாதே. குழல் உட்காருகிற பள்ளத்தைப் புகைக்கரி தடவி, ஒட்டின இடத்தைச் சுரண்டி, திரும்ப வெச்சுப் பார்த்து... அதுக்கே பல நாள் போகும். அந்த வேலை வேண்டாம்னா எதுக்கு கிட்? முடிஞ்ச துப்பாக்கியையே வாங்கிக்க.

மொட்டையை வாங்கு, பித்தளைக்குப் போற காசில் நல்ல உளி ரெண்டு, அரம் ரெண்டு வாங்குன்னேன். "பாக்கிறவங்க ஏதோ கிராமத்தான் துப்பாக்கி மாதிரி இருக்கும்பாங்க மாமா"ன்னான். ஆமாடா, அது அவனோடதுதான்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். நேத்து ராத்திரி ஒரு படம் வந்திருக்கு. கட்டையில் அந்த ஒடுக்கமான இடம் மட்டும், ரொம்பப் பக்கத்தில் எடுத்தது. ரேகை நேராத்தான் ஓடுது.