ஏறுற விலையும் ஏறாத சேரியும்

'ரியல் எஸ்டேட் மீண்டுவிட்டது.' ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் இதுதான் செய்தி. வாங்க இதுதான் நேரம், இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது, வாடகையாகக் கட்டுகிற காசைத் தவணையாகக் கட்டு. பக்கத்தில் நீச்சல்குளம் வைத்த அடுக்குமாடிப் படம். சிரிக்கிற அப்பா, சிரிக்கிற அம்மா, செவசெவன்னு ரெண்டு புள்ளைங்க. மீட்சியாம். மீட்பு என்கிற சொல்லை நாமும் முப்பது வருஷமாகத் தெருவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறோம். நாம் கத்தியது நிலத்துக்கு. அவன் மீட்டது விலையை.

எதிலிருந்து மீண்டது? 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார் மோடி. பாதி கறுப்பு பாதி வெள்ளை என்று ஓடிய தொழிலுக்கு மூச்சு முட்டியது. 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு இறக்கிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 விழுக்காடாக ஏற்றினார்கள். 2020இல் கொரோனா. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டுக்கு இறக்க, வீட்டுக்கடன் வட்டி ஏழுக்குக் கீழே வந்தது. அங்கே பிடித்து ஏறியதுதான். 2022 மேயிலிருந்து வட்டியை ஏற்றிப் பார்த்தார்கள், விலை இறங்கவில்லை. 2023 ஏப்ரலில் அரசும் வழிகாட்டி மதிப்பைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டது. படுத்துக்கிடந்த காலத்தில் வாங்கிப்போட்டவன் பிழைத்துக்கொண்டான். சரி, அந்தக் காலத்தில் வாங்க முடிந்தவன் யார்?

தோழர் ஒருவர் சொல்கிறார்: "வீடு வாங்குறதெல்லாம் குட்டிமுதலாளிய ஆசை தோழர். தலித் அரசியலுக்கு அது எதுக்கு?" அவருக்குத் தாம்பரத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. ஆசையைத் துறக்கச் சொல்வதற்கும் கையில் ஒரு பத்திரம் வேண்டும்போல.

கணக்கைப் பாருங்கள். 40 லட்ச ரூபாய் வீடு. 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரைக்குமான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 32 லட்சம் கடன், 8 லட்சம் நம் கையிலிருந்து. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் கடனில் சேராது. கொரோனாக் காலத்தில் அவை இரண்டும் சேர்ந்து 11 விழுக்காடு, 2023க்குப் பிறகு 9. புரோக்கர் கமிஷன், பத்திரம் எழுதுகிறவர் கூலி, ஆபீசில் கொடுக்கிற மேல்செலவு. பத்து பன்னிரண்டு லட்சம் ரொக்கம் இல்லாமல் வாசப்படி மிதிக்க முடியாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்காருகிறவர் 2021இல் வாங்கினார். அவருக்கும் எனக்கும் ஒரே வருஷம் வேலை, ஒரே சம்பளம். அவர் அப்பா ஊரில் அரை ஏக்கர் நஞ்சையை விற்றார். மாமனார் கொஞ்சம் கொடுத்தார். முடிந்தது. என் அப்பா விட்டுப்போனது காலனியில் மூன்று சென்ட் இலவசப் பட்டா. அதில் ஓடுபோட்ட வீடு, பின்னால் ஒரு முருங்கை மரம். அதை வைத்துக் கடன் கேட்கப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷன்தான், உட்கார வைத்துப் பேசினார்.

"காலனி பட்டாவா சார்? கண்டிஷன் போட்டிருப்பாங்க. அதுகூட விடுங்க. நாளைக்கு நீங்க கட்டலன்னா நாங்க ஏலம் விடணும். ஏலம் விட்டா யார் சார் எடுப்பா?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்வி எனக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்னதில் பொய் இல்லை. கடன் கட்டாதவன் சொத்தை வங்கியே எடுத்து விற்கலாம் என்று 2002இல் சட்டமே போட்டாயிற்று. ஆனால் எடுத்த வீட்டை வாங்க ஊர்த்தெருக்காரன் வரணுமே! வரமாட்டான். சேரிக்குள் காசு கொடுத்துக் குடிவர எந்த ஆதிக்கசாதிக்காரன் இருக்கிறான்? சேரி வீட்டைச் சேரிக்காரன்தான் வாங்கணும், சேரிக்காரனிடம் காசு இல்லை. காசு இல்லாததால் வீட்டுக்கு விலை இல்லை. விலை இல்லாத வீட்டுக்குக் கடன் இல்லை, கடன் இல்லாததால் காசு இல்லை. ஒரே மண், ஒரே ஏரித் தண்ணீர், நடுவில் ஒரு தார்ரோடு. ரோட்டுக்கு அந்தப்பக்கம் சென்ட் விலை வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. இந்தப்பக்கம் அப்பா காலத்து மரியாதைதான். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு 'தேவை குறைவு' என்று பெயர் வைப்பார்கள். நம்ம ஊர் பாஷையில் இதற்குத் தீட்டு என்று பெயர்.

அங்கே இங்கே புரட்டி, வீட்டுக்காரி நகையை வைத்து, 2022இல் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். ஐம்பதாயிரம். புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சாருக்கு சொந்த ஊரு எது?"

சொன்னேன்.

"ஓ, அங்கியா? ஊர்ல எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம்."

"கிழக்கன்னா... பெருமாக்கோயில் தெருவா, அதுக்கும் அந்தாண்டயா?"

"அந்தாண்ட."

டீயைக் குடித்து முடித்தார். மூன்றாம் நாள் போன். "தப்பா நெனச்சிக்காதீங்க சார், வீட்டுக்காரம்மா விக்கிற மனச மாத்திக்கிட்டாங்க." முன்பணம் பைசா குறையாமல் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் அந்த வீடு வேறொருவருக்குக் கிரயம் ஆனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். என்னவென்று புகார் எழுதுவது? என்னைச் சாதி சொல்லித் திட்டினாரா? டீ வாங்கிக் கொடுத்தார்.

அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க இடமில்லாமல் பார்சி சத்திரம் ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். தடியோடு வந்து வெளியே போகச் சொன்னார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். 88 வருஷம் கழித்து, 2005இல், அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. எங்கள் சமூகத்தாரைத் தவிர வேறு யாரையும் உறுப்பினராகச் சேர்க்கமாட்டோம் என்பது அந்தச் சங்கத்தின் விதி. அந்த விதி செல்லும் என்றது நீதிமன்றம். சங்கம் அமைக்கிற சுதந்திரமாம். பார்சிகள் சின்னச் சமூகம், அவர்கள்மேல் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழலில் யார் யார் ஒதுங்குவான் என்று யோசியுங்கள். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை என்று எண்ணிச் சொல்கிறது. வீட்டை விற்கமாட்டேன், வாடகைக்கு விடமாட்டேன் என்கிறவனைத் தண்டிக்க இந்த நாட்டில் தனிச்சட்டம் கிடையாது.

அமெரிக்காவில் அது உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக்கொன்ற ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், இன்னார் என்பதற்காக வீடு விற்க மறுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. ஒரு கொலையும் ஊர் ஊராக மூண்ட நெருப்பும் அதற்குத் தேவைப்பட்டன. அதற்கு முன் முப்பதுகளில் அரசாங்கமே நகர வரைபடம் போட்டு, கறுப்பர் தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, இங்கே கடன் கொடுத்தால் ஆபத்து என்று எழுதி வைத்திருந்தது. நம்ம மேனேஜர் கேட்ட அதே கேள்விதான். அங்கே மேப்பில் இருந்தது, இங்கே மண்டைக்குள் இருக்கிறது.

சட்டம் வந்ததும் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2008இல் அவர்கள் வீட்டுச் சந்தை கவிழ்ந்தது. கவிழ்வதற்கு முன்னால் கறுப்பரிடமும் லத்தீன் மக்களிடமும் கூடுதல் வட்டி வாங்கி, மோசமான கடன்களைத் தலையில் கட்டியதற்காக 'கன்ட்ரிவைட்' நிறுவனத்தின் வழக்கை 335 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்தார்கள், 2011 டிசம்பரில். அதற்குள் வீடுகள் ஜப்தி ஆகிவிட்டன. 2012இல் விலை திரும்ப ஏற ஆரம்பித்ததும் 'பிளாக்ஸ்டோன்' மாதிரிப் பெருமுதலைகள் ஜப்தி வீடுகளை ஆயிரக்கணக்கில் வாரி வாடகைக்கு விட்டன. 2004இல் கறுப்பர் குடும்பங்களில் நூற்றுக்கு 49 சொந்த வீட்டில் இருந்தன. சந்தை மீண்டுவிட்டது என்று கொண்டாடிக்கொண்டிருந்த 2016இல் அது சுமார் 42. விலை மேலே, ஆட்கள் கீழே. 1972இல் பம்பாய்த் தோழர்கள் தங்களுக்குச் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தபோது அந்தக் கறுப்பர்களைப் பார்த்துத்தான் வைத்தார்கள். இதையும் பார்த்துவைக்க வேண்டும்.

சென்னையில் என்ன நடக்கிறது? ஆற்றோரம் கால்வாயோரம் இருந்த நம் சனங்களை 2000இலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகம். வெள்ளம் வருமாம், பாதுகாப்பாம். பெரும்பாக்கம் மட்டும் மேட்டிலா இருக்கிறது? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கும்போது ஒரு முதியவர் தீக்குளித்துச் செத்தார். நகரத்தின் நடுவே நாலு தலைமுறை இருந்தவனுக்கு அந்த மண்ணின் விலையில் ஒரு பைசா பங்கு கிடையாது. அவன் 'ஆக்கிரமிப்பாளன்'. 2021இல் குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பேர் மாற்றினார்கள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது.

நம்மில் சிலர் வாங்கியிருக்கிறார்கள். பேரைச் சொன்னால் கண்டுபிடிக்க முடியாதபடி பிள்ளைக்குப் பேர் வைத்து, வாசலில் கோலம் போட்டு, அம்பேத்கர் படத்தைப் படுக்கையறையில் மாட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் இவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே 'எந்தப் பக்கம்' என்று கேட்கிறவன் எதிரில் உட்கார்ந்த பிறகு அந்தக் கிண்டல் எனக்கு வரவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வீடு கைவிட்டுப்போன ஆறாவது மாதம் ஒரு மனைப்பிரிவு. 'எந்த ஊர், எந்தப் பக்கம்' என்று யாரும் கேட்கவில்லை. விலையும் சுற்றுவட்டாரத்தை விடக் குறைவு. எனக்குச் சந்தேகம் தட்டியது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பட்டா யூ.டி.ஆர். கணக்கில் தனியார் பேரில் இருந்தது. வட்ட அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து அதற்கும் முந்தைய பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். அந்த சர்வே எண்ணுக்கு எதிரே இரண்டே எழுத்து: டி.சி.

பஞ்சமி நிலம். 1891இல் இதே செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுத, 1892இல் அரசாணை வந்து கொடுக்கப்பட்ட நிலங்கள். பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம், மீறினால் விற்பனை செல்லாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. 1994 அக்டோபர் 10 அன்று, காரணையின் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். அந்த மண்ணைத்தான் இப்போது சதுர அடிக் கணக்கில் எனக்கு விற்கிறான். என் முப்பாட்டனுக்குச் சும்மா கொடுத்ததை நான் இருபது வருஷத் தவணையில் வாங்கணும்!

வீட்டில் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஏங்க, நம்ம நெலம்தான? நாமளே வாங்கிட்டா மீட்ட மாதிரிதான?" வித்தவன் பேரிலேயே பட்டா செல்லாது, நாம் வாங்கினால் அந்தத் திருட்டுக்கு ரசீது போட்டுக் கொடுத்த மாதிரி என்றேன். "அப்ப வாடகைக்கு இருந்துகிட்டே போராடு" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் முழுசாக ஒரு பதில் என்னிடம் இல்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். காலனிப் பட்டாவை நிபந்தனை நீக்கி முழுப் பட்டாவாக்கு. அதை வங்கி எடுக்காவிட்டால் தாட்கோ ஜாமீன் நிற்கட்டும். சாதி பார்த்து வீடு விற்க மறுப்பதைக் குற்றமாக்கு. பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்று இருக்கிற ஒவ்வொரு சர்வே எண்ணையும் பதிவுத்துறைக் கணினியில் பூட்டு. மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் ரோட்டோரம் புது மனைப்பிரிவுப் பலகை முளைத்தால் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இல்லை என்பார்கள், கிழிந்துபோச்சு என்பார்கள். மேல்முறையீடு செய்யுங்கள்.

நான் கலெக்டருக்கும் வட்டாட்சியருக்கும் மனு கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'நடவடிக்கையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். வளைவு கட்டி, தார்ரோடு போட்டு, இரண்டு பக்கமும் தென்னங்கன்று நட்டிருக்கிறார்கள். பலகையில் பழைய விலையின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சதுர அடிக்கு இருநூறு ரூபாய் ஏற்றியிருக்கிறான்.